வாகனமில்லாத கிறவல் பாதையும் பின்னால் வந்த வானும்

என் கணவருக்கு இரத்தத்தில் கொழுப்புக் கூடிவிட்டது என்று டொக்டர் சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, நடக்கவும் சொன்னார். ஒன்ராறியோவில், மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நடப்பதற்கு நல்ல பாதை இருக்கிறது. கதவைத் திறந்து வெளியே காலை வைத்தால் போதும். ஆனால் எங்கள் ஆம்பிளைகளுக்கு நடை காணாது. நடப்பதற்கென்று தனி உடுப்பு இல்லை, குழு இல்லை, தலைவர் இல்லை. இரண்டு கிழமைக்குள் அவர் ஒரு சைக்கிள் குழுவில் சேர்ந்துவிட்டார்.

எல்லோரும் ஐம்பது கடந்த தமிழர்கள். ஞாயிறு காலையில் ஒரு கோப்பிக்கடை பார்க்கிங் லொட்டில் கூடுவார்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு, அதன் பின்பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. வெயில் இல்லாத நாளிலும் கண்ணை மூடுகிற கறுப்புக் கண்ணாடி. புறப்படுவதற்கு முன் அரை மணித்தியாலம் ரயரைப் பற்றிக் கதைப்பார்கள். சைக்கிள் ஓடிவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் ரயரைப் பற்றிக் கதைப்பார்கள். நான் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அங்கே சக்கர நாற்காலியில் இருக்கிற கிழவர்கள்கூட சக்கரத்தைப் பற்றி இவ்வளவு கதைப்பதில்லை.

அதிலும் இவர்கள் ரோட்டில் ஓடுகிறவர்கள் இல்லை. தார் ரோட்டு சாதாரண ஆக்களுக்கு. இவர்கள் கிறவலில் ஓடுவார்கள். மண்ணும் சிறு கல்லும் பரவிய பாதை, கார் வராத பாதை. அப்படி ஒரு பாதையைத் தேடுவதற்காக சைக்கிளைக் காரில் கட்டி, காரில் ஒன்றரை மணித்தியாலம் போவார்கள்.

குழுவின் தலைவர் விட்பி நகரில் இருக்கிறவர். இன்சூரன்ஸ் விற்கிறவர். என் கணவரை விட நான்கு வயது மூப்பு என்பதால் நாங்கள் இருவரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் தன் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். புதிதாய்க் கட்டிய பெரிய வீடு. கராஜில் காருக்கு இடமில்லை. சுவரில் நான்கு சைக்கிள் தொங்கின. சாப்பாட்டுக்கு முன் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார்.

சாப்பாட்டு மேசையில் அவர் சொன்னார். "தங்கச்சி, நீர் ஒருக்கா கிறவலில ஓடிப் பார்க்க வேணும். வாகனச் சத்தம் இல்லை, புகை இல்லை. நாங்களும் மண்ணும் மட்டும்தான். அந்த உணர்ச்சியைச் சொல்லி விளங்கப்படுத்தேலாது."

"நான் ஓடியிருக்கிறன் அண்ணை," என்றேன்.

"எங்க?"

"யாழ்ப்பாணத்தில. எங்கட றோட்டெல்லாம் கிறவல்தான். சண்டைக்காலத்தில அஞ்சாறு வருசம் ஒரு வாகனமும் வரேல்லை. பெற்றோல் இல்லை எல்லோ."

என் கணவர் சோற்றுக்குள் பார்த்தார். அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். "உது வேற, இது வேற. உது கஷ்டம். இது ஸ்போர்ட்."

எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பதினாறு வயதில் நான் கரியரில் விறகும், முன் பாரில் தம்பியும், ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தலுமாக மிதித்திருக்கிறேன். அதை நான் பெருமையாக நினைப்பவள் இல்லை. இனி ஒருநாளும் அப்படி மிதிக்க விருப்பமும் இல்லை. ஆனால் அதையே மெத்தை வைத்த காற்சட்டையோடு செய்துவிட்டு, எனக்கு வகுப்பு எடுக்க வருகிற மனிதரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"அடுத்த முறை நானும் வாறன்," என்றேன்.

அடுத்த முறை என்பது ஓகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் பயணம். முதல் நாள் காட்டு மலைகள், இரண்டாம் நாள் வைன் தோட்டங்கள். வருவதாகச் சொன்னவர்களில் ஒருவருக்கு முழங்கால் நோ, ஒருவருக்கு மருமகளின் சாமத்தியவீடு, மற்றவர்கள் காரணமும் சொல்லவில்லை. மிஞ்சியது நாங்கள் இருவரும் அண்ணையும். கூடவே அண்ணையின் மனைவி, சைக்கிளில் அல்ல, சாப்பாட்டுச் சாமான் ஏற்றிய வானில்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் கணக்கு ரீச்சராக இருந்தவர். இங்கே வங்கியொன்றில் இருபது வருசம் வேலை செய்தவர். இப்போது அவருடைய வேலை வான் ஓட்டுவது. பாதை எங்கே ஒரு ரோட்டைக் குறுக்கறுக்கிறதோ அங்கே முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். மடக்கு மேசையை விரித்து, நான்காக வெட்டிய தோடம்பழம், வடை, தேத்தண்ணி, ஐஸ், உப்புப் போட்ட தண்ணி எல்லாம் பரப்பி வைக்க வேண்டும். நாங்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனபின் அடுக்கி ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். வாகனமில்லாத பாதை என்று பெருமைப்படுகிறவருக்கு, நாள் முழுக்க ஒரு வான் பின்னால் வந்தது.

அக்காவைப் பார்க்க எனக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு படித்த மனுசி, இந்த மனுசனுக்கு ஐஸ் தூக்கிக்கொண்டு திரியுதே என்று நினைத்தேன். அவர் நீட்டிய வடையைத் தின்றுகொண்டே நினைத்தேன்.

முதல் நாள் காடு. விட்பியில் இருந்து கிழக்கே போனால் மேட்டு நிலம் தொடங்கும், பிறகு பைன் மரக்காடு. இறங்கியதும் அண்ணை கையை விரித்து மூச்சை இழுத்தார்.

"மனுசன் தொடாத காடு, பாரும்."

பைன் மரங்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரே இடைவெளி விட்டு நின்றன. பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. முன்னொரு காலத்தில் இருந்த மரமெல்லாம் வெட்டி, தோட்டம் செய்து, நிலம் வெறும் மணலாகிப் பறக்கத் தொடங்கிய பிறகு, ஆட்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நட்ட காடு இது என்று அதில் எழுதியிருந்தது. அண்ணை அந்தப் பலகையில் சாய்ந்து நின்று படம் எடுத்தார். வாசிக்கவில்லை.

என்னுடைய சைக்கிள் மகள் பள்ளிக்கூடக் காலத்தில் ஓடிய மவுண்டன் பைக். அதைப் பார்த்து, "தங்கச்சி, உது கிறவலுக்குச் சரிவராது. உந்த ரயர் இழுக்கும்," என்றார். அரை மணித்தியாலத்தில் பாதை முழுக்க மணலாகியது. அவருடைய ரயர் கத்தி மாதிரி மணலுக்குள் இறங்கி நின்றது. அவர் இறங்கித் தள்ளினார். என் கணவரும் தள்ளினார். நான் மிதித்துக்கொண்டு போனேன். நேர்மையாகச் சொன்னால் அது என் காலின் கெட்டித்தனம் இல்லை, அந்தத் தடித்த ரயரின் கெட்டித்தனம். ஆனால் நான் அப்போது அதைச் சொல்லவில்லை. மேட்டின் உச்சியில் காலை ஊன்றி நின்று அவர்கள் வரும்வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். ஈ பிடரியில் கடித்தது. அதையும் பொறுத்துக்கொண்டு பார்த்தேன்.

ஒன்றை மறைக்கக்கூடாது. பின்னேரம் ஒரு நீண்ட இறக்கம் வந்தது. இரண்டு பக்கமும் மேப்பிள் மரம். கிறவல் இறுகிப்போய்க் கிடந்தது. நான் பிறேக்கை விட்டேன். ரயருக்குக் கீழே கல் நொறுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வாயைத் திறந்து கத்தினேன் என்று பிறகு என் கணவர் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. பின்னால் இருந்து அண்ணை, "பிறேக் பிடியும்! பாரத்தைப் பின்னுக்குப் போடும்!" என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த மனிதரால் ஒருவர் சும்மா சந்தோசப்படுவதைக்கூடப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

அன்றிரவு மோட்டலில் தங்கினோம். மறுநாள் வானில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு இன்னும் கிழக்கே, ஏரிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற அந்த வைன் பகுதிக்குப் போனோம். அங்கே பழைய ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுக் கிறவல் கொட்டியிருக்கிறார்கள். ரயில் ஓடிய பாதை என்பதால் ஏற்றமில்லை, இறக்கமில்லை. சதுப்பு நிலத்தைக் கடந்து, சோளக் காணிகளைக் கடந்து நேராகப் போகிறது. பிறகு இரண்டு பக்கமும் கம்பி கட்டிய திராட்சை வரிசைகள். பாதையோரத்தில் நீலப் பூவும் வெள்ளைப் பூவும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. எங்களைத் தவிர அந்தப் பாதையில் ஓடியவர்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஆட்கள். மெக்சிகோவில் இருந்து, ஜமேக்காவில் இருந்து சீசனுக்கு வருகிறவர்கள். பழைய சைக்கிள்களில், ஹாண்டிலின் இரண்டு பக்கமும் கடைப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆறுதலாக மிதித்துப் போனார்கள். அவர்கள் போட்டிருந்தது வேலைச் சப்பாத்து. யாரும் உணர்ச்சியைப் பற்றிக் கதைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு வைன் தோட்டத்தில் சந்திப்பு. அக்கா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்திருந்தார். அதைத் தோட்டத்துக்காரர் காணாமல் வானுக்குப் பின்னால் நின்று சாப்பிட்டோம். பிறகு அண்ணை எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அக்கா வரவில்லை. "எனக்கு ஓட்டவேணும் எல்லோ," என்றார்.

உள்ளே ஒரு இளம்பெண் சின்னச் சின்னக் கிளாஸ்களில் ஊற்றினாள். அண்ணை கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார்.

"ஈரக் கல்லின்ர மணம். பச்சை அப்பிள். கொஞ்சம் மழை."

"எனக்குப் புளிச்ச தோடம்பழம் மாதிரி இருக்குது," என்றார் என் கணவர்.

"அதைத்தான் அசிடிற்றி எண்டு சொல்லுறது."

எனக்கு அது வினாகிரி மாதிரி இருந்தது. ஒரு வாயோடு வைத்துவிட்டேன். என் கணவர் இரண்டோடு நிறுத்தினார். அண்ணை அந்தப் பெண்ணிடம் இருந்த வகையெல்லாம் ருசி பார்த்தார். பார்த்தபின் பிடித்ததில் ஒரு முழுக் கிளாஸும் எடுத்தார். அதோடு ஜன்னலுக்கு அப்பால் வரிசைகளுக்குள் குனிந்து நின்றவர்களைக் காட்டி, மண்ணைப் பற்றியும் வேரைப் பற்றியும் எங்களுக்கு விளக்கினார். குனிந்து நின்றவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து அக்காவிடம், "நாலு மணிக்குக் கடைசி ஊரில நில். ஐஸ் முடிஞ்சிட்டுது, வாங்கு," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

அண்ணை விழுந்தது புறப்பட்டுப் பத்து நிமிசத்தில். எங்களுக்கு முன்னால் ஒரு தொழிலாளி, அந்தப் பாதையின் வலது ஓரமாக, நேராக, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். ஹாண்டிலில் இரண்டு பை. அண்ணை மணியை அடித்துக்கொண்டு, "ரைற்! கீப் ரைற்!" என்று கத்தியபடி வேகமெடுத்தார். அந்த மனிதர் ஏற்கெனவே ஓரத்தில்தான் போனார். இதற்கு மேல் ஓரம் என்றால் திராட்சைக்குள்தான் போக வேண்டும். அண்ணை அவரைக் கடந்தபோது திரும்பிப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னார். அவருடைய முன்சக்கரம் பாதை விளிம்பில் இருந்த தளர்ந்த கல்லில் ஏறியது. சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தோட்டத்து வேலியின் கட்டையில் தோள் அடிபட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் வேலையில் விழுந்தவர்களைப் பார்த்துப் பழக்கம். தலை சரி, கழுத்துச் சரி, ஆளுக்கு நினைவு இருக்கிறது. இடது தோளுக்கு மேலே காறை எலும்பு முறிந்து தோலுக்குக் கீழே முண்டாக நின்றது. வெயிலுக்குக் கழுத்தில் சுற்றியிருந்த என் சால்வையால் அவர் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். அந்தத் தொழிலாளி தன் சைக்கிளைப் புல்லில் படுக்கவைத்துவிட்டு வந்தார். பையைத் துழாவி, உறைந்த பட்டாணிப் பைக்கற் ஒன்றை எடுத்து அண்ணையின் தோளில் வைத்தார். தண்ணீர்ப் போத்தலையும் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். "ஸ்லோ, ஸ்லோ," என்று சொல்லி அண்ணையின் முதுகுக்குத் தன் ஜாக்கெற்றை மடித்து வைத்தார். அண்ணை அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

"அம்புலன்ஸைக் கூப்பிடுறன்," என்றார் என் கணவர்.

"வேண்டாம்!" அண்ணை எழும்பப் பார்த்தார். "வைன் மணக்கும். எழுதிப் போடுவாங்கள். நான் இன்சூரன்ஸ் செய்யிறவன். அவளைக் கூப்பிடும். வானைக் கொண்டு வரச் சொல்லும்."

அக்காவின் போனுக்கு எடுத்தோம். அடித்ததே இல்லை. நேராகக் குரல் பதிவுக்குப் போனது. ஐந்தாறு தடவை எடுத்தோம். அண்ணைக்கு நோவை விட அதுதான் கூட வலித்தது போல. "இவளுக்கு ஒரு போனை ஒழுங்கா வைச்சிருக்கத் தெரியாது," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் என் கணவர் அவரோடு இருப்பது, நான் முன்னால் ஓடி வானைத் தேடுவது என்று முடிவாகியது. அந்தத் தொழிலாளியும் போகவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அவரும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் புல்லில் இருந்தார்கள்.

கடைசி ஊர்வரை போக வேண்டி வரவில்லை. இடையில் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். தண்ணீர் நிரப்பப் பாதையை விட்டு இறங்கிக் கடைத்தெருவுக்குப் போனேன். தெருமுனையில் இருந்து கடற்கரை மாதிரி நீண்ட கரையும், அதன் பார்க்கிங் லொட்டும் தெரிந்தன. மேலே சைக்கிள் தாங்கி பூட்டிய எங்கள் நீல வான் அங்கே நின்றது.

அக்கா கரையில் ஒரு பழைய மரக்குற்றியில் இருந்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். கையில் ஒரு பேப்பர்ப் பையில் உருளைக்கிழங்குப் பொரியல். என்னைக் கண்டதும் பதறவில்லை.

"அக்கா, அண்ணை விழுந்திட்டார்."

"தலை அடிபட்டதோ?"

"இல்லை. காறை எலும்பு முறிஞ்சிட்டுது."

"கதைக்கிறாரோ?"

"நல்லாக் கதைக்கிறார்."

"அப்ப ஒண்டுமில்லை. உம்மட மனுசன் பக்கத்தில நிக்கிறாரோ?"

"ஓம்."

அவர் மரக்குற்றியில் கொஞ்சம் தள்ளி இருந்தார். "இரும். பத்து நிமிசம் இருந்திட்டுப் போவம்."

நான் இருக்கக் கூடாது. முறிந்த எலும்போடு ஒரு மனிதர் திராட்சை வேலிக்குக் கீழே கிடக்கிறார். விழுந்தவரைக் காக்க வைக்காதே என்று புதிதாய் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். இருந்தேன். சப்பாத்தையும் கழற்றினேன். தண்ணீர் நான் நினைத்ததை விடக் குளிராக இருந்தது.

"போனை வானுக்குள்ள வைச்சு நிப்பாட்டிப்போட்டு வந்தனான்," என்றார். "இந்தக் கரையை மூண்டு வருசமா ரோட்டால போகேக்க பாக்கிறன். ஒருக்காலும் இறங்கினதில்லை. முந்தி அவர் மரதன் ஓடினவர். அதுக்கு முந்திக் குருவிப் படம் எடுத்தவர். இந்த ஒன்ராறியோவில நான் பாக்காத பார்க்கிங் லொட் இல்லை, தெரியுமோ? குருவியைத்தான் பாக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அவர் பகிடிக்குச் சொல்லவில்லை.

"நீங்கள் மாட்டன் எண்டு சொல்லலாமே அக்கா."

"சொல்லலாம்." ஒரு பொரியலை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீர் நேற்று முழுக்க என்னை ஒரு மாதிரிப் பாத்தனீர். எனக்கு விளங்கினது."

பொரியலை வாங்கித் தின்றேன். பத்து நிமிசம் என்றது இருபது நிமிசம் ஆகியிருக்கும். பிறகு அவரே எழும்பி, காலைத் துடைத்து, பையை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். சைக்கிளை ஏற்ற எனக்குக் கை கொடுத்தார்.

பாதைக்குக் கிட்டப் போகிற தோட்ட ரோட்டு ஒன்றில் வானைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அண்ணை அந்தத் தொழிலாளியின் ஜாக்கெற்றில் சாய்ந்தபடி இருந்தார். பட்டாணி கரைந்து சட்டையெல்லாம் ஈரம். அக்காவைக் கண்டதும் குரல் எழும்பியது.

"எங்க போனனீ? எத்தினை தரம் அடிச்சம்! ஏன் போன் வேலை செய்யேல்லை?"

நான் முந்திக்கொண்டேன். "அங்க சிக்னல் இல்லை அண்ணை. ஏரிக்கரைப் பக்கம் ஒண்டும் எடுக்காது."

அவ்வளவு சரளமாக வந்தது. எனக்கே ஆச்சரியம். இரண்டு நாளாக இந்த மனிதரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு வந்தவள், அவர் ஒரு சத்தம் போட்டவுடன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பொய் சொன்னேன். அதுவும் எனக்காக அல்ல, கேட்காத ஒருவருக்காக.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அண்ணையின் கையில் இருந்த சால்வைக் கட்டைச் சரிபார்த்தபடியே சொன்னார். "சிக்னல் இருந்தது. நான்தான் நிப்பாட்டி வைச்சனான். ஏரிக்கரையில இருந்தனான். எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். அந்த இரண்டு நாளில் அவர் விளக்கம் சொல்லாத முதல் விசயம் அதுதான். தொழிலாளியும் என் கணவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வானில் ஏற்றினார்கள். அக்கா அந்த மனிதரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்த வடையை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நேர்ஸ், குடித்தாரா என்று கேட்டபோது அண்ணை "ஒரு வாய்," என்றார். "கனக்க," என்றார் அக்கா. நேர்ஸ் அக்கா சொன்னதைத்தான் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு எனக்கும் அக்காவுக்கும் இடையில் பெரிய சிநேகம் உருவாகியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். உருவாகவில்லை. நான் இரண்டு தரம் போன் எடுத்தேன். மரியாதையாகக் கதைத்தார், சுருக்கமாக முடித்தார். தனக்காகப் பொய் சொன்னவளை அவருக்குப் பிடிக்கவில்லையோ, இளக்காரமாகப் பார்த்தவளைப் பிடிக்கவில்லையோ தெரியாது. இரண்டுக்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. வான் ஓட்டுவதை மட்டும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பனிக்காலத்தில் மார்க்கம் நகரில் ஒரு கலியாண மண்டபத்தில் அண்ணையைக் கண்டோம். எலும்பு பொருந்திவிட்டது. அக்கா வரவில்லை, சிநேகிதிகளோடு எங்கோ போயிருக்கிறா என்றார். குழுக்காரர் எல்லோரும் ஒரே மேசையில். அண்ணை தான் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் வடிவா என்ர பக்கத்திலதான் போறன். ஒரு மெக்சிகோக்காரன், பையளைத் தொங்கவிட்டுக்கொண்டு டக்கெண்டு குறுக்க விட்டிட்டான். உவங்களுக்கு ஒரு ஒழுங்கும் தெரியாது."

மேசையில் எல்லோரும் தலையாட்டினார்கள். என் கணவரும் அங்கேதான் இருந்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தத் தொழிலாளியோடு புல்லில் இருந்தவர், அவருடைய போனில் பிள்ளைகளின் படம் பார்த்தவர். இப்போது தன் தண்ணீர்க் கிளாஸைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"இல்லை அண்ணை," என்றேன். "அவர் ஓரமாத்தான் போனவர். நீங்கள்தான் திரும்பிப் பாத்துப் பேசிக்கொண்டு போய் விழுந்தனீங்கள். குடிச்சும் இருந்தனீங்கள்."

ஒருவர் இருமினார். இன்னொருவர், இந்த மண்டபத்தில் பிரியாணி எப்பவும் காய்ந்துதான் இருக்கும் என்றார். எல்லோரும் அவசரமாக அதை ஒத்துக்கொண்டார்கள். அண்ணை சிரித்தார், அன்று தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிரித்த அதே சிரிப்பு இல்லை. எழும்பி வேறு மேசைக்குப் போனார்.

காரில் வரும்போது என் கணவர் ரேடியோவைப் போட்டார், நிறுத்தினார். கோபமோ என்று நினைத்தேன்.

"நான் சொல்லியிருக்க வேணும்," என்றார் கடைசியில்.

"ஓம்," என்றேன். அதை இலகுவாக்க எனக்கு விருப்பம் வரவில்லை.

வசந்தம் வந்தபோது குழுவில் இருந்து எங்களுக்கு அழைப்பு வரவில்லை. என் கணவர் சனிக்கிழமைகளில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு ஞாயிறு காலை அவர் செயினுக்கு எண்ணெய் விடுகிற சத்தம் கேட்டு நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் போனோம். கிறவல் ஈரமாக இருந்தது, மரங்களில் இலை இன்னும் வரவில்லை. அவர் முன்னால் போனார். சேறு நிறைந்த ஒரு குழியைக் கண்டதும் குழுக்காரர் செய்வது போலக் கையைக் கீழே நீட்டி, "குழி! குழி!" என்று கத்தினார்.

"எனக்குக் கண் இருக்குது," என்றேன்.

அவர் கையை எடுத்து ஹாண்டிலில் வைத்தார். அடுத்த குழியை அவர் சும்மா விலத்திப் போனார், நானும் விலத்திப் போனேன்.